நூறு நாள் வாழ்ந்த எலியும் உங்கள் தம்பியும்

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம், போச்சம்பள்ளி பக்கம். என் தம்பிக்கு 34 வயது. சந்தூரில் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டும் வேலை. எட்டு மாதத்துக்கு முன்னால் திடீரென்று வயிற்று வலி வந்தது. குடல் முறுக்கிக்கொண்டது என்று பெங்களூரில் ஆபரேஷன் செய்தார்கள். கறுத்துப்போன குடலை எடுத்துவிட்டு, மிச்சமிருந்த 70 செ.மீ. சிறுகுடலைப் பெருங்குடலோடு சேர்த்திருக்கிறார்கள். வாரத்தில் ஐந்து ராத்திரி நெஞ்சில் உள்ள குழாய் வழியாகச் சத்து மருந்து ஏறுகிறது. பின்னால் தேவைப்பட்டால் குடல் மாற்று ஆபரேஷன் இருக்கிறது என்றார் டாக்டர். என் மகள் செல்போனில் தேடிப் பார்த்தாள். குடல் மாற்றிய எலிகள் நீண்டகாலம் நன்றாக வாழ்ந்தன என்று ஒன்றில் இருக்கிறது. நாய்கள் பத்து நாளில் செத்துப்போயின என்று இன்னொன்றில் இருக்கிறது. எதை நம்புவது? என் குடலில் கொஞ்சம் கொடுக்க நான் தயார். “மாங்கன்றுக்கு ஒட்டுப் பிடித்தால் ஐம்பது வருஷம் காய்க்குது, குடலுக்கு மட்டும் ஏன் பிடிக்காதாம்?” என்று தம்பி கேட்கிறான். அவனுக்கு நான் என்ன சொல்லட்டும்?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் மகள் படித்த இரண்டும் உண்மைதான். எலியும் வாழ்ந்தது, நாயும் செத்தது. ஆனால் அந்த எலிக்குச் செய்தது வேறு, நாய்க்குச் செய்தது வேறு. அது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தம்பியின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். நானும் தருமபுரிக்காரன்தான், மாந்தோப்பு பார்த்து வளர்ந்தவன். ஒட்டுக் கட்டுகிறவருக்கு இதைச் சொல்வது எனக்குச் சுலபம். வேர்ச்செடி ஏதோ ஒரு கொட்டையிலிருந்து முளைத்தது. அதன் தலையை வெட்டிவிட்டு, செந்தூராவையோ பெங்களூராவையோ வைத்து நாடாவால் இறுக்கிக் கட்டுகிறார். இரண்டும் வேறு வேறு மரத்துப் பிள்ளைகள். இருந்தாலும் சில வாரத்தில் பட்டையோடு பட்டை சேர்ந்து துளிர் விட்டுவிடுகிறது. மாமரத்தின் சாற்றில், வந்தவன் உள்ளூரா வெளியூரா என்று சுற்றிச் சுற்றிக் காவல் பார்க்கும் அணுக்கள் கிடையாது. நம் ரத்தத்தில் அவை உண்டு. கிருமி வந்தாலும் சரி, உயிரைக் காக்க இன்னொருவர் கொடுத்த உறுப்பு வந்தாலும் சரி, அந்த வெள்ளை அணுக்களுக்கு இரண்டும் ஒன்றுதான். புகுந்து தாக்கும்.

இப்போது நாய்க்கு வருவோம். 1950களின் கடைசியில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் லில்லஹே என்ற அறுவை மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு நாயின் சிறுகுடலை வெளியே எடுத்தார்கள். அதைக் குளிர்ச்சியில் வைத்திருந்து, சில மணி நேரம் கழித்து அதே நாய்க்குத் திரும்பப் பொருத்தினார்கள். அந்த நாய்கள் பிழைத்துக்கொண்டன. முதலில் வயிற்றுப்போக்கும் எடைக் குறைவும் இருந்தன, அப்புறம் தேறின. குடலை வெட்டி எடுத்து ரத்தக்குழாய்களைத் திரும்பத் தைத்தால் அது வேலை செய்யும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. வேறொரு நாயின் குடலை வைத்தபோதுதான், மருந்து எதுவும் இல்லாத நிலையில், ஒரு வாரம் பத்து நாளுக்குள் அது அழுகிப்போனது. அதே கை, அதே தையல், குடல் மட்டும் வேறொருவருடையது. உங்கள் மகள் படித்தது இந்த நாய்களைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

எலிக் கதை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டியது. ஆய்வுக்கூட எலி நம் வீட்டு உத்தரத்தில் ஓடுகிற எலி கிடையாது. அண்ணனுக்கும் தங்கைக்கும் இருபது தலைமுறை கூட்டிக் கூட்டி வளர்த்த வம்சம் அது. ஒரு வம்சத்து எலிகள் எல்லாம் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர் மாதிரி. ஒன்றின் குடலை இன்னொன்றுக்கு வைத்தால் காவல்கார அணுக்களுக்கு வித்தியாசமே தெரியாது. அப்படிச் செய்த எலிகள் மாதக்கணக்கில் வாழ்ந்ததில் ஆச்சரியம் இல்லை. அதனால் எலி வாழ்ந்தது என்று எங்கே படித்தாலும், குடல் கொடுத்ததும் வாங்கியதும் ஒரே வம்சமா, வேறு வம்சமா என்று முதலில் பாருங்கள்.

வேறு வம்சம் என்றால் காவல்கார அணுக்களை அடக்கும் மருந்து வேண்டும். 1970களில் சைக்ளோஸ்போரின் வந்தது, 1980களில் டாக்ரோலிமஸ் வந்தது. இரண்டும் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிலிருந்து எடுத்தவை. 1988இல் கனடாவின் லண்டன் நகரத்தில் டேவிட் கிராண்ட் குழுவினர், சைக்ளோஸ்போரின் கொடுத்தால் பன்றிகளுக்கு மாற்றுக் குடல் நிலைக்கிறது என்று காட்டினார்கள். அதே ஆண்டு அதே குழுவினர் ஒரு நோயாளிக்குக் கல்லீரலோடு சேர்த்துக் குடலை வைத்தார்கள், அது பலித்தது. டாக்ரோலிமஸை அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர்கள் இன்னும் பெரிய ஆச்சரியத்தைக் கண்டார்கள். அறுவைக்குப் பிறகு கொஞ்ச நாள் மட்டும் மருந்து கொடுத்து நிறுத்திவிட்டாலும் பல எலிகள் நூறு நாளைத் தாண்டி வாழ்ந்தன. நீண்டகாலம் நன்றாக வாழ்ந்தன என்று படித்தது இதுவாக இருக்கலாம்.

அந்த ‘நீண்டகாலம்’ என்ற சொல்லில்தான் நீங்கள் நிதானிக்க வேண்டும். எலிகளுக்கு உறுப்பு மாற்றுகிற ஆய்வுகளில் நூறு நாளைத் தாண்டினாலே நீண்டகாலம் என்று எழுதிவிடுவார்கள். எலியின் ஆயுளே இரண்டு, மூன்று வருஷம், அதனால் அது அவ்வளவு தப்பான கணக்கும் இல்லை. ஆனால் நூறாவது நாள் முடிந்ததும் பெரும்பாலும் ஆய்வும் முடிந்துவிடும். அந்த எலி இருநூறாவது நாள், ஐந்நூறாவது நாள் எப்படி இருந்திருக்கும் என்று அந்தக் கணக்கில் வராது. உங்கள் தம்பிக்கு வேண்டியது நூறு நாள் இல்லை. இன்னும் நாற்பது வருஷம் வேண்டும்.

இதை ஏட்டில் படித்து மட்டும் சொல்லவில்லை. மேற்படிப்பு நாள்களில் இரண்டு ஆண்டு ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குக் குடல் மாற்றி வைத்துப் பழகினேன். எலியின் பெரிய ரத்தக்குழாயே ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். நுண்ணோக்கியின் கீழே, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைக்க வேண்டும். அப்படிப் பிழைத்த ஒரு எலி மூன்று மாதத்துக்கு மேல் நன்றாகச் சாப்பிட்டது, எடை கூடியது, ரோமம் பளபளவென்று இருந்தது. குறித்த நாளில் அதன் வயிற்றைத் திறந்தபோது குடலைத் தாங்கும் சவ்வு தடித்துப் போய், கயிறு மாதிரி விறைத்திருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் அதிலிருந்த தமனிகளின் உள்சுவர் தடித்து, நடுவில் ஊசித்துளை மட்டும்தான் மிச்சம். வெளியே ஆரோக்கியமாகத் தெரிந்த உயிருக்குள் குடல் மெதுவாக மூச்சுத்திணறிக்கொண்டிருந்தது. அந்த எலியை நான் இன்னும் மறக்கவில்லை. நோயாளிகளிடம் குடல் மாற்றுச் சிகிச்சையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அதுதான் மனதில் வருகிறது.

வந்த உறுப்பை உடம்பு ஏற்காமல் இப்படி மெதுவாகக் கெடுப்பதற்கு நாட்பட்ட நிராகரிப்பு என்று பெயர். முதல் சில வாரங்களில் வரும் திடீர் நிராகரிப்பை மருந்தால் பெரும்பாலும் அடக்கிவிடலாம். இது வேறு. மாதங்கள், வருஷங்கள் எடுத்து ரத்தக்குழாய்களை அடைக்கும். குடலில் இதைக் கண்டுபிடிப்பதும் கஷ்டம். சிறுநீரகம் என்றால் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறுவதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். குடலுக்கு அப்படி நம்பகமான ரத்தப் பரிசோதனை இல்லை. வயிற்றில் வைத்த திறப்பு வழியாகக் குழாய் விட்டு, உள்தோலில் ஒரு துணுக்கு எடுத்துத்தான் பார்க்க வேண்டும். கெட்டுப்போகிற தமனியோ அந்தத் துணுக்கு எட்டாத ஆழத்தில் இருக்கிறது. அதனால்தான் விலங்கு ஆய்வு இந்த விஷயத்தில் அவ்வளவு முக்கியமாகிவிட்டது. விலங்கில் முழுக் குடலையும் எடுத்துப் பார்க்க முடிந்தது. நோயாளியிடம் கடைசிக் கட்டத்தில்தான் தெரிந்திருக்கக்கூடிய ஒன்றை, அந்த எலிகளும் நாய்களும் பன்றிகளும் முன்கூட்டியே சொல்லிவிட்டன. எத்தனை நாள் வாழ்ந்தது என்பதைவிட எங்கே கெட்டது என்பதுதான் அந்த ஆய்வுகளிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்பது என் எண்ணம்.

மனிதர்களின் கணக்கு அதை அப்படியே உறுதிப்படுத்துகிறது. உலகம் முழுவதும் நடந்த குடல் மாற்றுச் சிகிச்சைகளைப் பதிவு செய்யும் பன்னாட்டுப் பதிவேடு ஒன்று இருக்கிறது. 2015இல் வெளியான அதன் அறிக்கையின்படி, குடல் மாற்றிக்கொண்டவர்களில் ஓராண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 76. ஐந்தாண்டில் 56. பத்தாண்டில் 43. முதல் ஆண்டு நன்றாகத்தான் போகிறது. அப்புறம்தான் சரிவு. மருந்துகள் முதல் ஆண்டை வென்றுகொடுத்தன, அடுத்த பத்து ஆண்டை இன்னும் வெல்லவில்லை.

எலியில் மருந்தை நிறுத்தியும் குடல் நிலைத்ததே, மனிதனுக்கு ஏன் முடியாது என்று மகள் கேட்கலாம். ஆய்வுக்கூட எலி பிறந்ததிலிருந்து நோய்க்கிருமி அண்டாத கூண்டில், சுத்திகரித்த தீனியைத் தின்று வளர்கிறது. அதன் காவல்கார அணுக்கள் சண்டையே பார்க்காதவை. நம் பிள்ளைகள் ஐந்து வயதுக்குள் எத்தனை காய்ச்சல், எத்தனை சளி, எத்தனை வயிற்றுப்போக்கு கண்டிருப்பார்கள்! ஒவ்வொன்றையும் நினைவில் வைத்திருக்கும் அணுக்கள் நம் உடம்பில் நிறைந்து கிடக்கின்றன. பழைய கிருமியைப் போலத் தெரிகிற எதைக் கண்டாலும், புதுக் குடலைக் கண்டாலும், அவை உடனே எழுந்துவிடும். அவற்றைத் தூங்க வைப்பது சுலபமில்லை. போதாததற்குக் குடல் என்பது கிருமிகள் நிறைந்த பாத்திரம். நிராகரிப்பில் அதன் சுவர் பழுதானால் கிருமிகள் ரத்தத்தில் கலந்துவிடும். சிறுநீரகத்தையும் கல்லீரலையும்விடக் குடல் மாற்று கடினமாக இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

எல்லாம் எலியில் சுலபமாகவும் மனிதனில் கடினமாகவும் இருக்கும் என்றும் நினைத்துவிடாதீர்கள். குடலில் காவல்கார அணுக்கள் தங்கும் நிணநீர் முடிச்சுகள் நிறைய உண்டு, வரும்போதே தன்னுடைய காவல்கார அணுக்களையும் கூட்டிக்கொண்டு வருகிறது. சில எலி வம்சங்களில் அந்த அணுக்கள் எதிர்த்திசையில் போரிட்டு, குடலை வாங்கிய எலியையே கொன்றுவிட்டன. 1971லேயே அமெரிக்காவில் மோன்சிக், ரஸ்ஸல் என்ற இருவர் இதைக் காட்டினார்கள். மனிதர்களிலும் இப்படித்தான் நடக்கும் என்று எல்லோரும் பயந்தார்கள். நடந்தது, ஆனால் நூற்றில் பத்துப் பேருக்கும் குறைவாகத்தான். விலங்கு பயமுறுத்தியதும் பொய்க்கலாம், ஆசை காட்டியதும் பொய்க்கலாம்.

நரம்பு, நிணநீர் விஷயத்தில் நாய்கள் சொன்னது அப்படியே பலித்தது. குடலை எடுக்கும்போது அதிலிருந்து கிளம்பும் நிணநீர்க்குழாய்கள் அறுபடுகின்றன. அவற்றை யாரும் தைப்பதில்லை, நாய்களில் சில வாரத்தில் தானே இணைந்துகொண்டன. கொழுப்பை உறிஞ்ச அந்தக் குழாய்கள் வேண்டும் என்பதால்தான் இன்றும் நோயாளிகளுக்கு ஆரம்ப வாரங்களில் கொழுப்பைக் குறைக்கிறார்கள். நரம்பு அப்படிச் சீக்கிரம் இணைவதில்லை. குடல் தன் சுவருக்குள் இருக்கும் நரம்பு வலையை வைத்துக்கொண்டு அசைகிறது, ஆனால் மேலே இருக்கும் வயிற்றோடு தாளம் சேர்வதில்லை.

சரி, உங்கள் தம்பிக்கு வருவோம். நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் நிம்மதி தந்த வரி, 70 செ.மீ. சிறுகுடல் பெருங்குடலோடு சேர்ந்திருக்கிறது என்பதுதான். பெருங்குடல் இணைந்திருக்கும் நோயாளிகளில், 60 செ.மீ. அளவுக்குமேல் சிறுகுடல் இருந்தால், காலப்போக்கில் குழாய்ச் சத்திலிருந்து விடுபடும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. பெருங்குடல் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். செரிக்காமல் வரும் மாவுச்சத்தைக்கூட அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் உடைத்துக் கொஞ்சம் சக்தியாக்கித் தரும். மிச்சக் குடலும் சும்மா இருப்பதில்லை. முக்கால்வாசிக் குடலை வெட்டிய எலிகளில் மீதிக் குடல் தடித்து, உள்ளே விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் உறிஞ்சிகள் நீள்வதைப் பல முறை பார்த்திருக்கிறார்கள். மனிதனிலும் அது நடக்கிறது, மெதுவாக. இரண்டு வருஷம் வரை நடக்கும். தம்பிக்கு எட்டு மாதம்தான் ஆகியிருக்கிறது. குடல் இன்னும் பழகிக்கொண்டிருக்கும் நேரம் இது.

அந்தப் பழக்கம் வாயால் சாப்பிட்டால்தான் வரும். குழாயில் சத்து ஏறுகிறதே என்று சாப்பாட்டை நிறுத்திவிடக் கூடாது. களி, சோறு, இட்லி என்று கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு ஆறேழு தடவை கொடுங்கள். எண்ணெயை அளவாக வையுங்கள். சர்க்கரை போட்ட பானங்களும் குளிர்பானங்களும் வேண்டாம், அவை போக்கைக் கூட்டும். உப்பு சர்க்கரைக் கரைசலை மருத்துவர் சொன்ன அளவில் மடக்கு மடக்காகக் குடிக்கட்டும். பசலைக்கீரையை அடிக்கடி வைக்காதீர்கள், பெருங்குடல் உள்ள இவருக்குச் சிறுநீரகக் கல் வரும் ஆபத்து கூடுதல். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும். இவர் குடிக்கும் அளவுக்கு, ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைத்துக் காய்ச்சிக் கொடுப்பது நல்லது.

குழாய்ச் சத்தும் ஒரு விலங்கு ஆய்வின் பிள்ளைதான். 1960களில் பென்சில்வேனியாவில் ஸ்டான்லி டட்ரிக் என்ற இளம் மருத்துவர், பீகிள் நாய்க்குட்டிகளை வாய்வழி எதுவும் கொடுக்காமல் ரத்தக்குழாய் வழியாக மட்டுமே ஊட்டி வளர்த்தார். அவை மற்றக் குட்டிகளைப் போலவே வளர்ந்தன. அதற்கு முன்பு குடல் போனால் உயிரும் போனதுதான். இன்று நல்ல பராமரிப்பு கிடைக்கும் இடங்களில், குழாய்ச் சத்தை நம்பியிருக்கும் புற்றுநோய் இல்லாத பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் ஐந்தாண்டுக்குப் பிறகும் உயிரோடு இருக்கிறார்கள். இதைக் குடல் மாற்றின் ஐந்தாண்டுக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். ஏன் மருத்துவர் பின்னால் தேவைப்பட்டால் என்று சொன்னார் என்பது புரியும். அவர் தள்ளிப்போடவில்லை, சரியாகச் சொல்லியிருக்கிறார்.

தேவைப்படும் நேரம் எது? குழாய்ச் சத்தால் கல்லீரல் பழுதாகத் தொடங்கினால், குழாய் வைக்கிற பெரிய ரத்தநாளங்கள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டால், குழாய் வழியாகக் கிருமி புகுந்து உயிருக்கு ஆபத்தான காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால், அப்போது குடல் மாற்றுதான் நல்ல வழி. அதற்காகக் கடைசி நிமிஷம் வரை காத்திருக்கவும் கூடாது. தெம்பாக இருக்கும்போதே குடல் மாற்று செய்யும் மையத்தில் ஒரு முறை காட்டிப் பெயரைப் பதிந்து வைப்பது நல்லது. இந்த மூன்றில் உங்கள் கையில் இருப்பது கடைசியானது. குழாயைத் தொடுமுன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், ஒரே ஆள் ஒரே முறையில் செய்யுங்கள். குளிருடன் காய்ச்சல் வந்தால் காலை வரை பார்ப்போம் என்று இருக்காதீர்கள். ராத்திரியே கிளம்பிக் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், நெஞ்சில் சென்ட்ரல் லைன் இருக்கிறது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

குடலைக் கொடுக்க நான் தயார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். அது நடக்காத காரியம் இல்லை. 1988இல் ஜெர்மனியின் கீல் நகரத்தில் ஒரு பெண்ணுக்கு அவருடைய உடன்பிறந்தவளின் குடலில் ஒரு பகுதியை வைத்தார்கள், அது சில வருஷம் வேலை செய்தது. நம் நாட்டுச் சட்டப்படியும் உடன்பிறந்தவர்கள் கொடுக்கலாம். திசு முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு ஓர் உடன்பிறப்புக்கு நாலில் ஒன்று. பொருந்தினாலும் தம்பி ஆயுள் முழுக்க மருந்து சாப்பிட வேண்டும், உங்களுக்கும் ஒரு பெரிய அறுவை. தம்பியின் சொந்தக் குடல் வளர்ந்து பழகிக்கொண்டிருக்கும் இந்த வருஷத்தில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் மனதை அவருக்குச் சொல்லி வையுங்கள், போதும்.

அடுத்த முறை பெங்களூர் போகும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, ஐந்து ராத்திரியை நாலாகக் குறைத்துப் பார்க்கலாமா என்பது. எடையும் சிறுநீர் அளவும் நிலையாக இருந்தால் அவர்களே சம்மதிக்கலாம். இரண்டாவது, டெடுகுளூடைடு என்ற ஊசி மருந்தைப் பற்றி. 1996இல் டொரான்டோவில் டேனியல் டிரக்கர் குழுவினர், குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோன் சுண்டெலிகளின் குடலை வளர வைக்கிறது என்று கண்டார்கள். அதிலிருந்து பிறந்த மருந்து இது, 2012இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது. விலை மிக அதிகம். பெருங்குடலில் கட்டி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தொடங்குவார்கள். எல்லோருக்கும் வேண்டியதும் இல்லை. ஆனால் தம்பிக்குப் பொருந்துமா என்று கேட்பதில் தப்பில்லை.

ஆபரேஷன் குறிப்பின் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். மிச்சமிருப்பது சிறுகுடலின் எந்தப் பகுதி, பெருங்குடல் முழுதாக இருக்கிறதா பாதியா என்று அதில் எழுதியிருக்கும். அந்த இரண்டு வரியைப் பார்த்து எனக்கு எழுதினால், வைட்டமின் பி12 ஊசி அவருக்கு வேண்டுமா, எந்த உணவைக் கூட்டலாம் என்று இன்னும் திட்டமாகச் சொல்ல முடியும்.